நீட் முதல் கவுன்சலிங் வரை: குமரி மாவட்டத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விளவங்கோடு தாலுகாவில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். பிப்ரவரி பிறந்துவிட்டால் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் யாராவது ஓர் அப்பாவோ அம்மாவோ, பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களோடு உட்கார்ந்திருப்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் ஒரு சான்றிதழாலோ ஒரு தேதியாலோ இடத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன.

சாரே, டாக்டருக்குப் படிக்கணும்னா பிளஸ் டூ மார்க் போதாதா?

போதாது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் எம்பிபிஎஸ், பிடிஎஸ் இடங்கள் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதமும், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 40 சதவீதமும் இருந்தால் தகுதி உண்டு. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் ரேங்கில் சேராது. உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கும் தடையில்லை.

சேர்கிற ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கணக்கில்லை.

நீட்டை ரத்து பண்ணிருவாங்கன்னு சொல்லுறாங்களே, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?

பொறுக்க வேண்டாம். விலக்கு கேட்டு சட்டமன்றம் 2021-இல் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சரே அவையில் அறிவித்தார். நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து இருக்கலாம். ஆனால் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை இந்த வருடத்துச் சட்டப்படிதான் தயாராக முடியும்.

ஆதார்ல ஒரு பேரு, மார்க் ஷீட்டுல ஒரு பேரு. அப்ளிகேஷன்ல எதைப் போட?

நம்மூரில் எனக்கு அதிகம் வேலை வைக்கிற கேள்வி இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'ஜெனிஷா எம்' என்று இருக்கும். ஆதாரில் 'மரிய ஜெனிஷா'. சாதிச் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், கூப்பிடுகிற பெயர் வேறோரிடத்தில். அப்பா பெயரில் ஓர் ஆவணத்தில் 'நாடார்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதார் திருத்தம் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே முடிந்துவிட வேண்டும், விண்ணப்பம் திறந்த பிறகு ஓடக் கூடாது. இனிஷியல் முன்னாலா பின்னாலா, நடுவில் புள்ளி உண்டா என்பதுகூட ஒத்துப்போனால் நிம்மதி. அப்பா, அம்மா பெயருக்கும் இதே கதைதான். விண்ணப்பித்த பிறகு திருத்தத்துக்கென்று சில நாட்கள் தருவார்கள், ஆனால் எல்லாக் கட்டத்தையும் அப்போது மாற்ற விடமாட்டார்கள். பிரவுசிங் சென்டரில் வேறொருவர் தட்டச்சு செய்தாலும், கடைசிப் பொத்தானை அழுத்துமுன் பிள்ளையே ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கட்டும். மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும், கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது. பின்னால் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும்.

தமிழ்ல எழுதலாமா? எங்க வீடு களியக்காவிளை. திருவனந்தபுரம் பக்கம்னு அங்க சென்டர் போடலாமா?

தமிழில் எழுதலாம். 13 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ் வினாத்தாள் எடுப்பவர்கள் தமிழ்நாட்டு மையத்தையே எடுங்கள். மாநில மொழி வினாத்தாள் அந்தந்த மாநில மையங்களுக்குத்தான். நாகர்கோவிலை முதல் விருப்பமாகவும் திருநெல்வேலியை அடுத்ததாகவும் போடுவது வழக்கம்.

மார்த்தாண்டம், நாகர்கோவில்னு கோச்சிங் போகாம முடியுமா? எப்படிப் படிக்க?

முடியும், ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வேண்டும். கணக்கைப் பாருங்கள்: 180 கேள்வி, 720 மதிப்பெண், 180 நிமிடம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரிக்கு 4 கூடும், தவறுக்கு 1 குறையும். விட்டுவிட்டால் ஒன்றும் இல்லை. பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. அது வாசிப்புப் பாடம். என்சிஇஆர்டி என்கிற மத்தியப் பாடநூலை வரி வரியாக, படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பையும் விடாமல் நாலைந்து முறை படித்த பிள்ளைகள் கோச்சிங் இல்லாமலேயே இதில் கரை சேர்ந்திருக்கிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகள் நம் மாநிலப் பாடநூலில் படித்துவிட்டு, என்சிஇஆர்டியில் கூடுதலாக உள்ளதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் தடுக்கி விழுவது இயற்பியலில்தான். அதற்கு மட்டும் ஆள் துணை வேண்டுமென்றால் தேடிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் இலவசப் பயிற்சி உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, ஓஎம்ஆர் தாளை (வட்டங்களைக் கறுத்து விடை குறிக்கிற தாள்) அச்செடுத்து வாரம் ஒரு முறையாவது மாதிரித் தேர்வு எழுத வேண்டும், அதுவும் மதியம் 2 முதல் 5 வரை. மே மாத உச்சி வெயிலில், சாப்பிட்டுக் கண் சொக்குகிற அந்த நேரத்தில்தான் உண்மையான தேர்வு. என் மாணவி ஒருத்தி பயிற்சித் தேர்வில் 47-ஆவது கேள்வியை விட்டுவிட்டாள், ஆனால் 48-இன் விடையை 47-இன் வட்டத்தில் கறுத்துவிட்டாள். அங்கிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட விடைகள் ஒரு வட்டம் தள்ளிப் போயின. தாளைத் திருத்தும்போது இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. அதன் பிறகு அவள் பத்துக் கேள்விக்கு ஒரு முறை எண்ணை விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். இப்போது என்னிடம் வருகிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பரீட்சை அன்னைக்கு கம்மல் போடலாமா, பர்தா போடலாமா?

கம்மல், கொலுசு, வாட்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முழுக்கை, பெரிய பொத்தான், ஷூ வேண்டாம், செருப்பு போதும். மத வழக்கப்படி உடுத்துபவர்கள் உடுத்தலாம், சோதனைக்காக முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். 1.30-க்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். குளச்சலில் இருந்தோ அருமனையில் இருந்தோ வருபவர்கள் பஸ்ஸை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. ஹால் டிக்கெட், அசல் ஆதார், போட்டோக்கள் போதும். பேனா அவர்களே தருவார்கள்.

எத்தனை மார்க் எடுத்தா ஆசாரிப்பள்ளம் கிட்டும்?

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி 2001-இல் தொடங்கியது. காசநோய் மருத்துவமனை இருந்த வளாகம் அது. வீட்டுப் பக்கத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 'இத்தனை மார்க்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள். 2025-இல் வினாத்தாள் கடினம், நாட்டின் முதலிடமே 686தான். ஒரே மார்க் ஒரு வருடம் ஒன்றுக்கும் உதவாது, மறு வருடம் அரசுக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மார்க்கை விடுங்கள், உங்கள் பிரிவில் மாநில ரேங்க் என்ன என்று பாருங்கள். போன வருடம் அந்தப் பிரிவில் எந்த ரேங்க் வரை எந்தக் கல்லூரி கிடைத்தது என்பதோடு அதை ஒப்பிடுங்கள்.

அப்புறம், நீட்டில் 'தகுதி' என்று வந்தால் சீட் கிடைத்ததாக அர்த்தமில்லை. பொதுப்பிரிவினர், எழுதியவர்கள் எல்லோரிலும் மேல் பாதிக்குள் வந்தாலே தகுதிதான். இடங்கள் அதைவிட மிகக் குறைவு.

நீட் பாஸாயாச்சு. இனி அவங்களே கூப்பிடுவாங்கல்லா?

கூப்பிட மாட்டார்கள். தனியாக இரண்டு இடத்தில் பதிய வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அங்கேதான். மீதி 85 சதவீதமும், தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளின் அரசு மற்றும் நிர்வாக ஒதுக்கீடும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக் குழு வழியாக. மாநில விண்ணப்பத்துக்குச் சில நாட்கள்தான் தருவார்கள். வேளாங்கண்ணிக்குப் போயிருந்தோம், தேதி முடிந்துவிட்டது என்று ஒரு குடும்பம் வந்து நின்றபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீட் முடிவு வந்த நாளிலிருந்து தினமும் இணையதளத்தைப் பாருங்கள்.

சுற்றுகளில் கவனம் வேண்டும். அகில இந்திய முதல் சுற்றில் இடம் வந்து சேராவிட்டால் நட்டமில்லை. இரண்டாம் சுற்றில் விலகினால் பதியும்போது கட்டிய முன்பணம் போகும். கடைசிச் சுற்றில் இடம் வாங்கிவிட்டுச் சேராமல் விட்டால் தடையே வரும். கிடைத்தால் சேருவேன் என்ற கல்லூரியை மட்டும் பட்டியலில் போடுங்கள்.

எம் பிள்ளை ஆறுல இருந்து பன்னெண்டு வரை எய்டட் ஸ்கூல். ஃபீஸே கட்டல. 7.5 சதவீதம் உண்டுல்லா?

இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே மனசு கனக்கும், ஏனென்றால் நான் வேலை பார்ப்பதும் அப்படிப்பட்ட பள்ளியில்தான். குமரி மாவட்டத்தில் திருச்சபைகள் நடத்துகிற உதவிபெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. சம்பளம் அரசு தருகிறது, புத்தகமும் சத்துணவும் அரசுடையது. அதனால் மக்கள் 'கவர்மென்ட் ஸ்கூல்' என்றே நினைக்கிறார்கள். ஆனால் 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், வனத்துறைப் பள்ளிகள் அதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உண்டு. நீதியரசர் கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 ஆக்கியது, 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

இதில் இடம் கிடைத்தவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதனால் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது: எந்தப் பள்ளி என்று இப்போதே யோசியுங்கள். பத்தாம் வகுப்பை ஒரு வருடம் மட்டும் எய்டடில் படித்தாலும் தகுதி போய்விடும்.

பிள்ளை எட்டு வரை கேரளாவுல பாறசாலை பக்கம் படிச்சா. தமிழ்நாட்டு சீட்டுக்குப் போடலாமா? கேரளாவுலயும் போட்டு வைக்கலாமா?

குடும்பம் தமிழ்நாட்டுப் பூர்வீகம் என்றால் போடலாம். 6 முதல் 12 வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பள்ளிச் சான்றே போதும். ஒரு வகுப்பு வெளி மாநிலம் என்றாலும் நேட்டிவிட்டி (பூர்வீக) சான்றிதழும், பெற்றோரின் படிப்பு, ரேஷன் கார்டு போன்ற ஆதாரங்களும் கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை உண்டு, ஏப்ரலிலேயே மனு போடுங்கள்.

இரண்டு மாநிலத்திலும் 'நான் இங்கேயுள்ளவன்' என்று போடவே கூடாது. இரட்டைப் பூர்வீகம் என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அம்மாவீடு நெய்யாற்றின்கரை, அப்பாவீடு குழித்துறை என்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒரு மாநிலத்தை முடிவு செய்து அதில் நில்லுங்கள்.

பிசி சர்டிபிகேட் இருக்கு. அதுவே அகில இந்தியக் கோட்டாவுக்கும் போதும்தானே?

போதாது. மாநில ஒதுக்கீட்டில் பிசிக்கு 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசிக்கு 20, எஸ்சிக்கு 15, அருந்ததியர் 3, எஸ்டிக்கு 1 சதவீதம். இதற்கு மாநிலச் சாதிச் சான்றிதழ், வருமான வரம்பு கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி 27 சதவீதம். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்ல என்ற சான்று தனியாக வேண்டும், அதுவும் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம்.

இங்கே ரப்பர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நெல், வாழை போன்ற விவசாய வருமானம் அந்த 8 லட்சத்தில் சேராது. ரப்பர், தேயிலை, காப்பி தோட்டப்பயிர் என்பதால் அந்த வருமானம் கணக்கில் வரும். குலசேகரம், அருமனை பக்கம் பலருக்கு இது தெரியாது.

நாங்க பேச்சிப்பாறை காணிக்காரங்க. எஸ்டி சர்டிபிகேட் யாருகிட்ட வாங்க?

எஸ்டி சான்றிதழை தாசில்தார் தரமுடியாது, கோட்ட அளவிலான அதிகாரிதான் தருவார். உங்களுக்குப் பத்மநாபபுரம் சப் கலெக்டர் அலுவலகம். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், பிளஸ் ஒன்னிலேயே மனு கொடுத்துவிடுங்கள். மலையில் இருந்து இறங்கி வந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகள் இன்னும் மிகக் குறைவு. உங்கள் ஊரில் யாராவது எழுதினால் அவர்களை என்னிடமோ பக்கத்துப் பள்ளியில் யாரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலூர் சிஎம்சிக்கு சபை மூலம் போகலாம்னு சொல்லுறாங்க. நீட் வேண்டாமா?

நீட் கட்டாயம். அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சிறுபான்மை இடங்களில் திருச்சபைகளின் பரிந்துரை பெற்றவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. படித்து முடித்ததும் பரிந்துரைத்த சபையின் மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை செய்ய வேண்டும். பரிந்துரை நடைமுறை நீட் முடிவுக்கு முன்பே தொடங்கிவிடும், உங்கள் சபை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த சேவைக் காலத்தைச் சுமையாக நினைப்பவர்களுக்கு நெய்யூரை ஞாபகப்படுத்துவேன். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய டாக்டர் சோமர்வெல் இங்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார், பிறகு வேலூரில் கற்பித்தார். அப்படிப்பட்டவர்கள் வந்து உழைத்த ஊர் இது.

ஒருத்தர் மேனேஜ்மென்ட் சீட் முடிச்சுத் தாறேன்னு அட்வான்ஸ் கேக்காரு. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீடும் நீட் ரேங்க் படி, மேலே சொன்ன தேர்வுக் குழு வழியாகத்தான். கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல், நிர்வாக இடத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டும். நடுவில் ஆளுக்கு வேலையே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மீன்பிடித் தொழிலாளி படகுக்கென்று சேர்த்த பணத்தை ஒரு முகவரிடம் கொடுத்து இழந்தார். அவர் பிள்ளை அந்த வருடம் தகுதி மதிப்பெண்கூட எடுத்திருக்கவில்லை, சட்டப்படி யாராலும் இடம் வாங்கித் தர முடியாத நிலை.

கிட்டல. ஒரு வருஷம் ரிப்பீட் போடலாமா?

பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள், சொந்தக்காரர்கள் முன்னால் கேட்காதீர்கள். அவளுக்கே ஆசை இருந்து, இடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தால் ஒரு வருடம் கொடுக்கலாம். 7.5 சதவீதத் தகுதி உள்ளவர்களுக்கு மறுமுறை எழுதும்போதும் அந்தத் தகுதி உண்டு. இரண்டாவது ரிப்பீட்டுக்கு நான் பொதுவாகச் சம்மதிப்பதில்லை. பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால், தூங்காமல் இருந்தால், பேசாமல் ஒதுங்கினால் தேர்வைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 104 என்ற அரசு உதவி எண்ணில் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

எம்பிபிஎஸ் இல்லன்னா வேற என்ன?

சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி மூன்றுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும், விண்ணப்பம் தனி. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், முஞ்சிறையில் தனியார் சித்தக் கல்லூரியும் உண்டு. வர்ம வைத்தியம் வேரோடிய மாவட்டம் இது, விருப்பம் உள்ள பிள்ளைக்கு சித்தா இரண்டாம் தரம் அல்ல. கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கில், நர்சிங்கும் அப்படியே. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்காகக் காத்திருந்து மற்றதன் தேதியை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுல போய் படிச்சா?

அதற்கும் நீட் தகுதி வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழி. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதியும் வேண்டும். இங்கே தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்தால்தான் பதிவு. முகவர் காட்டுகிற கல்லூரி இந்த எல்லாவற்றையும் நிறைவு செய்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து வீட்டை அடகு வைக்காதீர்கள்.

தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை அங்க தாக்குப்பிடிப்பாளா, சாரே?

பிடிப்பாள். முதல் மாதங்கள் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். உடற்கூறியலில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் லத்தீன் பெயர்கள். ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் அவை புதிதுதான். படிப்பைத் தொடங்கும் முன் அறிமுகப் பயிற்சி வைக்கிறார்கள், அதில் மொழிப் பயிற்சியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். தமிழில் யோசித்தால் மருத்துவம் வராது என்பதெல்லாம் அப்போதே பொய்யாகிவிட்டது.

சேர்வதற்கு முன் கிடைக்கிற மாதத்தில் அவள் ஒன்று செய்யலாம். பிளஸ் டூ விலங்கியலில் மனித உடல் பற்றிய பாடங்களை ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு முறை சத்தமாக வாசிக்கட்டும். அசல் சான்றிதழ்களுக்கு ஐந்து நகலும் பத்துப் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்து வையுங்கள். சேரும் நாளில் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஸ்காலர்ஷிப்புக்கு நகல்தான் கை கொடுக்கும்.